பிளாஸ்மா 6-க்கு மாறும்போது பேக்கேஜ்கள் முட்டிக்கொண்டால் எங்கே பார்ப்பது?

தம்பி, செந்தூல் டியூஷன் சென்டர் மடிக்கணினியைப் பற்றி நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ் 12, அதாவது புக்வார்ம். மேலே டெஸ்க்டாப்பாக ஓடுவது கேடிஇ பிளாஸ்மா 5.27. டெபியன் 13 ட்ரிக்ஸிக்குப் போனால் பிளாஸ்மா 6.3 வரும் என்று பேக்கேஜ்களை (நிறுவும் மென்பொருள் பொட்டலங்களை) எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸ் கோப்பில் புக்வார்ம் என்று இருந்ததை ட்ரிக்ஸி என்று மாற்றினீர்கள். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்டுக்கு, ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் கொடுத்ததும் பிளாஸ்மா-டெஸ்க்டாப், எஸ்டிடிஎம் (உள்நுழைவுத் திரை), டால்ஃபின் (கோப்பு மேலாளர்) எல்லாவற்றையும் நீக்கப்போவதாக நீளமான பட்டியல் வந்தது. பயந்துபோய் ‘என்’ (வேண்டாம்) அடித்து வெளியே வந்துவிட்டீர்கள். அப்புறம் பிளாஸ்மா-டெஸ்க்டாப்பை மட்டும் தனியாக நிறுவப் பார்த்தால், “யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்” என்று சொல்லி நின்றுவிட்டது. ஒரு நண்பர், ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி-யில் ஃபோர்ஸ் போட்டுத் தள்ளச் சொல்கிறார். இன்னொருவர் வட்டையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்கிறார். எது நடந்தாலும் தமிழ்99 தட்டச்சு மட்டும் கெட்டுப்போகக் கூடாது என்பது உங்கள் கவலை.

இரண்டு பேர் சொன்னதும் வேண்டாம். நீங்கள் ‘என்’ அடித்ததுதான் சரி. அதனால் கணினி பாதியில் மாட்டிக்கொள்ளவில்லை. பேக்கேஜ் பட்டியல்கள் மட்டும்தான் புதிதாகியிருக்கின்றன, நிறுவியிருப்பவை எல்லாம் பழையபடியே இருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் டிபிகேஜி --ஆடிட் என்று கொடுத்துப் பாருங்கள். அது ஒன்றுமே சொல்லாமல் திரும்பினால் எதுவும் அரைகுறையாக இல்லை என்று அர்த்தம்.

நீங்கள் அனுப்பிய பிழைச் செய்தியில் ஏகப்பட்ட வரிகள் இருந்தாலும் எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: “ஃபிசிட்எக்ஸ்5-ஃப்ரன்ட்எண்ட்-க்யூடி5: டிபெண்ட்ஸ்: க்யூடிபேஸ்-ஏபிஐ-5-15-8”. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்பிய புகார்கள். டெஸ்க்டாப் மேம்படுத்தலில் வரும் மோதல்கள் பெரும்பாலும் இப்படித்தான். நூறு பேக்கேஜ் கத்தும். பிடித்துவைத்திருப்பது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்து விடுவிப்பதுதான் வேலை, மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம். ஃபிசிட்எக்ஸ்5 என்பது நீங்கள் தமிழ்99 அடிக்கப் பயன்படுத்தும் உள்ளீட்டு முறைமை. அதன் க்யூடி5 பாகம், க்யூடி நூலகத்தில் (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பில்) எழுதிய செயலிகளுக்குள் விசைப்பலகையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இப்படி உள்ளே நுழைந்து வேலை செய்யும் பாகங்கள், க்யூடியின் பொது வாசல் வழியாக மட்டும் பேசுவதில்லை. உள்பக்கத்து அமைப்புகளையும் தொடுகின்றன. உள்பக்கம் ஒவ்வொரு பதிப்பிலும் மாறலாம். அதனால் டெபியன்காரர்கள் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். க்யூடி 5.15.8 நிறுவியிருந்தால் அது “க்யூடிபேஸ்-ஏபிஐ-5-15-8” என்ற கற்பனைப் பெயரையும் சேர்த்து வழங்கும். உள்பக்கத்தைத் தொடும் பேக்கேஜ் எல்லாம் அந்தப் பெயரைக் கேட்கும். புக்வார்மில் இருப்பது 5.15.8, ட்ரிக்ஸியில் இருப்பது 5.15.15. க்யூடி மாறினால் பழைய பெயர் மறைந்துவிடும். அதைக் கேட்கிற பேக்கேஜும் கூடவே மாறியாக வேண்டும்.

வழக்கமாக அது தானாகவே மாறிவிடும். ட்ரிக்ஸியில் ஃபிசிட்எக்ஸ்5-இன் புதிய பதிப்பு தயாராகத்தான் இருக்கிறது. பின் ஏன் உங்களிடம் மாறவில்லை? அடுத்த கட்டளை அதைச் சொல்லிவிடும்: ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட். போன வருஷம் ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு தமிழ்99 தகராறு செய்தது, அப்போது ஒரு பேக்கேஜை “நிறுத்திவைத்தேன்” என்று நீங்களே உங்கள் கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஹோல்ட் இன்னும் அப்படியே இருக்கும். ஹோல்ட் போட்ட பேக்கேஜை ஆப்ட் உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்றாது. அது நகராததால் க்யூடி 5 நகரவில்லை. க்யூடி 5 நகராததால் அதன் மேல் நிற்கும் செயலிகள் நகரவில்லை. பிளாஸ்மா 6 முக்கியமாக க்யூடி 6 மேல்தான் நிற்கிறது என்பது உண்மை. ஆனால் ட்ரிக்ஸியிலும் க்யூடி 5 செயலிகள் நிறைய இருக்கின்றன. விஎல்சி 3 அதில் ஒன்று. அவற்றுக்கான பாகங்களையும் டெஸ்க்டாப் பக்கத்தில் வைத்திருக்கிறது. எனவே ஒரு மூலையில் பிடித்த பிடி மொத்த டெஸ்க்டாப்பையும் இழுத்து நிறுத்துகிறது.

ஆக உங்களுக்கான மருந்து: ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட், அதன் பின்னால் அந்தப் பேக்கேஜின் பெயர். அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை சில உண்டு. தயவுசெய்து அவசரப்பட்டு இப்போதே ஓட்டிவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். “ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்” என்ற செய்தி வந்தாலே ஹோல்ட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. யாரும் ஹோல்ட் போடாத கணினியிலும் அதே செய்தி வரும். எந்தக் காரணத்தாலும் ஒரு தீர்வு கிடைக்காவிட்டால் ஆப்ட் சொல்லும் பொதுவான வாசகம் அது. உங்கள் விஷயத்தில் நிஜமாகவே ஹோல்ட் இருந்தது. பினாங்கில் எனக்குத் தெரிந்தவர்களின் கணினிகளைப் பார்க்கும்போது, அதிகம் தென்படும் காரணம் வேறு: வெளியார் களஞ்சியங்கள், அதாவது டெபியன் அல்லாத பிறர் பேக்கேஜ்கள் தரும் இடங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஹோல்டை எடுத்த பிறகும் உங்களுக்குச் சிக்கல் வந்தால் அது இங்கேதான் இருக்கும். சோர்சஸ்.லிஸ்ட்.டி என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். இடிசி-க்குள் ஆப்ட்-க்குள் இருக்கிறது. உலாவிக்கு ஒன்று, வீடியோ கூட்டச் செயலிக்கு ஒன்று, மல்டிமீடியாவுக்கு ஒன்று என்று வருஷக்கணக்கில் சேர்ந்திருக்கும். உலாவிகளின் களஞ்சியங்கள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. அவை தமக்கு வேண்டியதைத் தம்முள்ளேயே வைத்திருக்கும். தொல்லை தருபவை, டெபியனில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களையே வேறு பதிப்பில் தரும் களஞ்சியங்கள். அதிலும் சில, பதிப்பு எண்ணின் முன்னால் ஒரு எண்ணும் ஒரு முக்காற்புள்ளியும் போட்டு வைத்திருக்கும். ஆப்ட் அந்த முன்னெண்ணைத்தான் முதலில் பார்க்கும். “10:5.1” என்பதும் “7:7.1” என்பதும் மோதினால், 5.1-ஐ விட 7.1 புதிது என்று நமக்குத் தெரியும்; ஆப்டுக்கு 10 என்பது 7-ஐ விடப் பெரிது, எனவே பழையதே ஜெயிக்கும். டெபியனின் புதிய பதிப்பு வந்தும் அந்தப் பேக்கேஜ் நகராமல் உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

இதற்கு நேர் எதிரானது அலைக்குறி (~). புதிய பதிப்புகளைப் பழைய டெபியனுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து வருபவற்றின் பதிப்பில் அலைக்குறி போட்டு “பிபிஓ12” என்று ஒரு வால் இருக்கும். அலைக்குறி இருந்தால் அது ஒன்றுமே இல்லாததை விடவும் கீழ் என்று டிபிகேஜி கணக்கிடும். அதனால் டெபியனின் சொந்தப் பேக்போர்ட்ஸிலிருந்து நிறுவியவை ட்ரிக்ஸி வந்ததும் வழிவிட்டு நகர்ந்துவிடும். அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எந்தப் பேக்கேஜ் எங்கிருந்து வந்தது என்று அறிய, ஆப்ட் பாலிசி என்று அடித்துப் பின்னால் பெயரைக் கொடுங்கள். நிறுவியிருப்பது எந்தப் பதிப்பு, எடுக்க முடிவது எந்தப் பதிப்பு, ஒவ்வொன்றும் எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது, அதன் முன்னுரிமை எண் என்ன என்பதெல்லாம் வரும். சாதாரணக் களஞ்சியத்துக்கு 500. நிறுவியிருப்பதற்கு, வேறு எங்கும் இல்லாவிட்டால் 100. யாராவது எப்போதோ பிரெஃபரன்சஸ் கோப்பில் ‘பின்’ (முன்னுரிமைக் குறிப்பு) போட்டு 1000-க்கு மேல் எண் கொடுத்திருந்தால், பழைய பதிப்புக்கே இறங்கிப் போகவும் ஆப்ட் தயங்காது. அப்படி ஒரு கோப்பு இருந்தால் மேம்படுத்தும் முன் அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஆப்ட் பாலிசி காட்டும் பட்டியலில், நிறுவிய பதிப்புக்கு எதிரே டிபிகேஜி-யின் ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் தெரிந்தால், அந்தப் பேக்கேஜ் இப்போது எந்தக் களஞ்சியத்திலும் இல்லை என்று பொருள். கையால் நிறுவிய டெப் கோப்பாக இருக்கலாம். பிரிண்டர் டிரைவராகவும் இருக்கலாம். இவற்றை மொத்தமாகப் பார்க்க ஆப்ட் லிஸ்ட் கட்டளைக்கு “?ஆப்சலீட்” என்ற வடிகட்டியைக் கொடுங்கள். வருகிற பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் பார்த்து, இது எனக்குத் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லாததை இப்போதே, புக்வார்மில் இருக்கும்போதே நீக்கிவிடுங்கள். தேவையானதன் பெயரைக் குறித்துவைத்து அதையும் நீக்கிவிடுங்கள். ட்ரிக்ஸிக்கு வந்த பிறகு புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளலாம். டெபியனின் வெளியீட்டுக் குறிப்பும் இதையே சொல்கிறது: டெபியனைச் சேராத பேக்கேஜ்களை மேம்படுத்தும் முன் அகற்றுவது நல்லது. அந்தக் குறிப்பைப் படிக்காமல் நேரே கட்டளைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அது ஒன்றும் பெரிய புத்தகமில்லை, தமிழ்ப் பள்ளி மாணவர்கள் நம்பியிருக்கும் கணினி என்பதால் நீங்கள் அவசியம் படியுங்கள்.

இன்னொரு காரணத்தையும் சொல்கிறேன், விளையாட்டுப் பிரியர்களுக்கு இது அடிக்கடி நேரும். வைன், ஸ்டீம் மாதிரி எதையாவது நிறுவ யாராவது 32-பிட் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்திருக்கலாம். ஒரே நூலகம் 64-பிட்டாகவும் 32-பிட்டாகவும் ஒரு கணினியில் இருந்தால், இரண்டின் பதிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று நகர்ந்து மற்றது நகராவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். டெபியன் 13-இல் ஐ386 முழு அளவிலான கட்டமைப்பாக இல்லை. 32-பிட் செயலிகளை 64-பிட் கணினியில் ஓட்டுவதற்குத் துணையாக மட்டும் இருக்கிறது. டியூஷன் கணினியில் இது தேவைப்பட வாய்ப்பில்லை. டிபிகேஜி --பிரிண்ட்-ஃபாரின்-ஆர்க்கிடெக்சர்ஸ் கொடுத்து ஐ386 என்று வந்தால், ஐ386 பேக்கேஜ்களை நீக்கிவிட்டு அந்தக் கட்டமைப்பையும் எடுத்துவிடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

சரி, நீக்கல் பட்டியலைப் படிப்பது எப்படி? இதுதான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. நீக்கப்படும் பேக்கேஜ்கள் நிறைய இருப்பது மட்டும் ஆபத்தின் அடையாளமில்லை. புக்வார்மிலிருந்து ட்ரிக்ஸிக்குப் போகும்போது நூற்றுக்கணக்கான நூலகங்களின் பெயரே மாறுகிறது. பழைய பெயரோடு “டி64” என்ற வால் சேர்ந்திருக்கும்: லிப்க்யூடி5கோர்5ஏ என்பது லிப்க்யூடி5கோர்5டி64, லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64. காரணம் 2038. 32-பிட் எண்ணில் நேரத்தை வைத்திருக்கும் நிரல்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று, நம் மலேசிய நேரப்படி காலை 11:14:07-க்கு, எண் நிரம்பிவிடும். அதைத் தாண்டிப் போக நேரத்தை 64-பிட் ஆக்கினார்கள். பாதிக்கப்படும் நூலகங்களுக்கெல்லாம் புதிய பெயர் வைத்தார்கள். நம் 64-பிட் கணினிகளில் நேரம் ஏற்கெனவே 64-பிட்தான். ஆனாலும் எல்லாக் கட்டமைப்புக்கும் ஒரே பெயர் இருக்கட்டும் என்று இங்கேயும் பெயர் மாறியது. பழைய பெயரைக் கேட்கும் பேக்கேஜ்களுக்காகப் புதியது அந்தப் பழைய பெயரையும் வழங்கும். ஆனால், “இந்தப் பெயர், இந்தத் துல்லியமான பதிப்பு” என்று சமக்குறி போட்டுக் கேட்கும் வெளியார் பேக்கேஜுக்கு அது போதாது, அங்கே முட்டும்.

ஆகவே நீக்கல் பட்டியலில் ‘லிப்’ என்று தொடங்கும் பெயர்களைப் பார்த்தால், நிறுவும் பட்டியலில் அதன் டி64 ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இயல்பு. லிப்கேஎஃப்5 என்று தொடங்குபவை பல போய் லிப்கேஎஃப்6 வந்தால் அதுவும் இயல்பு. கேடிஇ ஃபிரேம்ஒர்க்ஸ் 5-லிருந்து 6-க்கு மாறியதன் விளைவு. பிளாஸ்மா 6.0 வெளிவந்தது 2024 பிப்ரவரி 28-இல். ஃபிரேம்ஒர்க்ஸும் செயலிகளும் அதே நாளில் ஒன்றாக மாறின. அதனால்தான் இந்த முறை டெஸ்க்டாப்பில் இவ்வளவு பெரிய புரட்டல். ஆனால் பிளாஸ்மா-டெஸ்க்டாப், பிளாஸ்மா-ஒர்க்ஸ்பேஸ், எஸ்டிடிஎம், நெட்ஒர்க்-மேனேஜர், சூடோ போன்ற பெயர்கள் நீக்கல் பட்டியலில் இருந்து, நிறுவும் பட்டியலில் அவற்றுக்குப் பதில் ஒன்றும் இல்லாவிட்டால், அங்கே நில்லுங்கள். ஒருபோதும் ‘ஒய்’ அடிக்காதீர்கள். ஒரு மூலப் பிடி இன்னும் விடுபடவில்லை என்று அது சொல்கிறது.

மூலத்தைத் தேட ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்ட் இன்ஸ்டால் கட்டளைக்கு --சிமுலேட் சேர்த்து, போகிறேன் என்று சொல்லும் பேக்கேஜையே நிறுவச் சொல்லுங்கள். எதுவும் உண்மையில் மாறாது, ஒத்திகை மட்டும் நடக்கும். “பிளாஸ்மா-டெஸ்க்டாப் இன்னதைக் கேட்கிறது, ஆனால் அது நிறுவப்படப் போவதில்லை” என்று வரும். அந்த “இன்னதை”யும் அதே கட்டளையின் கடைசியில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். புகார் ஒரு படி கீழே இறங்கும். இப்படியே போனால் ஒரு இடத்தில் செய்தியின் தன்மை மாறும்: “இது நிறுவ இயலாதது” என்றோ, “இந்தப் பதிப்பு வேண்டும், ஆனால் அந்தப் பதிப்புதான் நிறுவப்பட இருக்கிறது” என்றோ வரும். அதுதான் முடிச்சு. ஆப்டிடியூட் நிறுவியிருந்தால் ஆப்டிடியூட் வை-நாட் என்று கேட்டு இதே சங்கிலியை ஒரே மூச்சில் பார்க்கலாம். முடிச்சுப் பேக்கேஜைத் தெரிந்துகொண்ட பிறகு, அதை விட்டுவிடத் தயாரென்றால் அதே ஒத்திகைக் கட்டளையில் அதன் பெயரின் பின்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். அதை நீக்கினால் மற்றதெல்லாம் சரியாக அமைகிறதா என்று ஆப்டே கணக்குப் போட்டுக் காட்டும்.

ஃபோர்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் --ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் என்பது சிக்கலைத் தீர்ப்பதில்லை, டிபிகேஜி-யின் கண்ணை மறைக்கிறது. அடுத்த தடவை ஆப்ட் எதைத் தொட்டாலும், முதலில் அந்த உடைந்த இடத்தைச் சரி செய் என்று நிற்கும். ஃபோர்ஸ்-ஆல் அதைவிட மோசம், அதை மறந்தேவிடுங்கள். --ஃபோர்ஸ்-ஓவர்ரைட் மட்டும் சில நேரம் நியாயமானது. இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்பைத் தம்முடையது என்று சொல்லும்போது “ட்ரையிங் டு ஓவர்ரைட்” என்று வரும். டெபியனுக்குள் ஒரு கோப்பு ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறினால், பிரேக்ஸ், ரிப்ளேசஸ் என்ற இரண்டு குறிப்பையும் எழுதி வைப்பார்கள், அதனால் அமைதியாக மாறிவிடும். வெளியார் பேக்கேஜில் அந்தக் குறிப்பு இருக்காது. அப்போதும் முதல் வேலை வெளியார் பேக்கேஜை நீக்குவதுதான். இரண்டுமே டெபியனுடையது, ஐகான் மாதிரி ஏதோ ஒரு சாதாரணக் கோப்புக்காகச் சண்டை என்றால் மட்டும் ஓவர்ரைட்டைக் கையில் எடுக்கலாம்.

இனி வேலையைத் தொடங்குவோம். சோர்ஸ் கோப்பைத் தற்காலிகமாக புக்வார்முக்குத் திருப்பி, ஆப்ட் அப்டேட் கொடுத்து, புக்வார்மிலேயே எல்லாவற்றையும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். ஹோல்டை எடுங்கள். வெளியார் களஞ்சியங்களை நிறுத்துங்கள், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்குங்கள். மாணவர்களின் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். லோ யாட் கணினிக் கடைகள் பக்கம் போனால் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கணினியின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட் பயன்படுத்தினால் அது இயல்பாக ஹோம் கோப்புறையைச் சேர்க்காது என்பதை மறக்க வேண்டாம், அதை நம்பி மாணவர் கோப்புகளை விட்டுவிடக் கூடாது. ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் தரும் பட்டியலையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். நீங்களாக நிறுவியவை என்னென்ன என்று பிற்பாடு அதில் பார்க்கலாம்.

பிறகு சோர்ஸ் கோப்பில் ட்ரிக்ஸி, ட்ரிக்ஸி-அப்டேட்ஸ், ட்ரிக்ஸி-செக்யூரிட்டி மூன்றும் இருக்கட்டும். ஒரு வரியில்கூட புக்வார்ம் மிச்சம் இருக்கக் கூடாது. செக்யூரிட்டி வரியை மாற்ற மறந்து இரண்டும் கலந்து கிடப்பது அடிக்கடி நடக்கும் கதை. நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற பகுதியும் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் வைஃபைக்கான ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். பெயருக்குப் பதில் ‘ஸ்டேபிள்’ என்று எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்படி எழுதியவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 9-இல் டெபியன் 13 வந்த அன்று, நினைக்காத நேரத்தில் மொத்தக் கணினியும் மாறத் தயாராக நின்றது.

மேம்படுத்தலை பிளாஸ்மாவுக்குள் ஒரு சாளரத்தில் உட்கார்ந்து ஓட்டாதீர்கள். நீங்கள் நிற்கும் தளத்தையே பெயர்த்தெடுத்து மாற்றுகிறது ஆப்ட். நடுவில் டெஸ்க்டாப் விழுந்தால் சாளரமும் போய்விடும், அப்போதுதான் உண்மையிலேயே பாதியில் நிற்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி உரைத்திரைக்குப் போங்கள், உள்நுழைந்து டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் வேலையை நிறுத்தாத கருவி) ஓட்டி அதற்குள் வேலை செய்யுங்கள். கோலாலம்பூரில் சாயங்கால இடிமழையில் மின்சாரம் போவது உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் தொடங்குங்கள், பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

இரண்டு கட்டமாகப் போக வேண்டும். முதலில் ஆப்ட் அப்கிரேட், கூடவே --வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ். இது எதையும் நீக்காமல், புதிதாக எதையும் சேர்க்காமல், மாற முடிந்ததை மட்டும் மாற்றும். அது முடிந்த பிறகு ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். இப்போது வரும் நீக்கல் பட்டியலை நான் மேலே சொன்னபடி படித்துவிட்டு ‘ஒய்’ அடியுங்கள். நடுவில் அமைப்புக் கோப்புகளைப் பற்றிக் கேட்டால், நீங்கள் கைவைக்காத கோப்புகளுக்குப் பராமரிப்பாளரின் புதிய பதிப்பையே எடுங்கள். ஏதாவது காரணத்தால் நின்றுவிட்டால் பதற வேண்டாம்: டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, பிறகு ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால், பிறகு மறுபடி ஃபுல்-அப்கிரேட். இந்த மூன்றும் இதே வரிசையில் பெரும்பாலான தடைகளைத் தாண்டிவிடும். ஆப்ட் ஆட்டோரிமூவை அன்றைக்கே ஓட்டாதீர்கள். மறுதொடக்கம் செய்து, எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்து, அதன் பட்டியலையும் படித்த பிறகு ஓட்டுங்கள்.

மற்ற லினக்ஸ்காரர்களுக்கு நாலு வரி. குபுண்டுவில் பிபிஏ என்ற வெளியார் களஞ்சியத்தைச் சேர்த்து பிளாஸ்மாவை ஏற்றியிருந்தால், மேம்படுத்தும் முன் பிபிஏ-பர்ஜ் கொடுத்து உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்கு இறங்கிவிடுங்கள். களஞ்சியத்தை மட்டும் நீக்கிப் பேக்கேஜை விட்டுவைப்பதுதான் அங்கே வரும் சிக்கலின் வேர். ஃபெடோராவில் டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க் உதவும். ஓப்பன்சூசே டம்பிள்வீடில் ஸிப்பர் டிஸ்ட்-அப்கிரேட், சுருக்கமாக டப். அது தீர்வுகளை எண் போட்டு நீட்டும், எதைத் தேர்ந்தால் என்ன போகும் என்று படித்துவிட்டு எண்ணை அடியுங்கள். ஆர்ச்சில் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் ஏற்றவே கூடாது, மொத்தமாகத்தான் போக வேண்டும்.

கடைசியாக உங்கள் தமிழ்99. ஃபிசிட்எக்ஸ்5-எம்17என் பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள். தமிழ்99 அமைப்பு எம்17என் தரவிலிருந்துதான் வருகிறது. பிளாஸ்மா 6 இயல்பாக வேலண்டில் (பழைய எக்ஸ்11-க்குப் பதிலான திரை முறைமை) ஓடும், அங்கே விசைப்பலகை இணையும் வழி வேறு. சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பகுதிக்குப் போய் ஃபிசிட்எக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். முன்பு எக்ஸ்11-க்காக இடிசி-யில் இருக்கும் என்விரான்மென்ட் கோப்பிலோ புரொஃபைலிலோ ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். அப்போது கேட் உரைத்தொகுப்பியிலும் லிப்ரேஆஃபீஸிலும் தமிழ்99 வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஃபிசிட்எக்ஸ்5-டயக்னோஸ் ஓட்டினால் எந்தப் பாகம் குறைகிறது என்று அதுவே சொல்லும். இன்னொன்று, ஸ்டோரிலிருந்து இறக்கிய பழைய பிளாஸ்மா 5 விட்ஜெட்டுகள் 6-இல் ஓடாது. அவை ஆப்டுக்குத் தெரியாதவை, உங்கள் ஹோமில் லோக்கல், ஷேர், பிளாஸ்மா கோப்புறையில் கிடக்கும். பேனல் கோணலாக வந்தால் முதலில் ஒரு புதிய பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பேக்கேஜ்களில் குறை இல்லை, உங்கள் பழைய அமைப்புகளில்தான் இருக்கிறது.

அவசரமும் இல்லை தம்பி. புக்வார்முக்கு நீண்டகால ஆதரவாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை உண்டு. பள்ளி விடுமுறையில் ஒரு கணினியில் முதலில் செய்து பாருங்கள், ஒரு வாரம் மாணவர்கள் புழங்கட்டும், பிறகு மற்றவை. திரும்பவும் எங்காவது நின்றால் மூன்று விஷயங்களை அனுப்புங்கள்: ஆப்ட்-மார்க் ஷோஹோல்டின் விடை, கடைசியாக வந்த முழுப் பிழைச் செய்தி, அதில் குறிப்பிட்டிருக்கும் பேக்கேஜுக்கு ஆப்ட் பாலிசி சொன்னது. திரையைப் புகைப்படம் எடுத்தால் மேல்வரிகள் விடுபடும், வார் கோப்புறையில் லாக், ஆப்ட் என்ற இடத்தில் டெர்ம்.லாக் இருக்கிறது, நிறுவும் நடுவில் வந்த பிழையென்றால் அதையே அனுப்பிவிடுங்கள்.